நேரிய சார்பும் அதன் நேர்மாறும்: ஒரே கணக்கை இரு முனையிலிருந்தும் வாசிக்கும் முறை

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக் கணக்கின் முதல் பாடமே சார்புகள்தான். பள்ளி திறந்து புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடிப்பதற்குள் மதிப்பகம், துணை மதிப்பகம், வீச்சகம், ஒன்றுக்கொன்றான சார்பு, மேல் சார்பு, இருபுறச் சார்பு என்று சொற்கள் வரிசை கட்டி வந்துவிடும். அவற்றை மனப்பாடம் செய்தே தேர்வை ஒப்பேற்றிவிட முடியும். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் நேர்மாறு சார்பு முறையாக வரும்போது அந்த மனப்பாடம் கைகொடுக்காது. இத்தனைக்கும் நேர்மாறின் வேலையைப் பத்தாம் வகுப்பிலேயே நம்மிடம் வாங்கிவிடுகிறார்கள். "விடை 212 வர வேண்டுமானால் உள்ளே என்ன எண் போயிருக்க வேண்டும்?" என்ற கேள்வி வேறென்ன?

ஓர் எண்ணை மூன்றால் பெருக்கி ஐந்தைக் கூட்டினால் 20 வருகிறது. அந்த எண் எது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இந்தக் கட்டுரையைத் தொடர்ந்து படிக்கலாம். வேறு முன்னறிவு தேவையில்லை. பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும்.

எழுத்துகள்

பாடநூலில் எக்ஸ், ஒய், எஃப் என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். இங்கே உள்ளே போகும் எண்ணை உ என்றும், வெளியே வரும் எண்ணை வ என்றும், சார்பை ச என்றும் எழுதுகிறேன். (உ என்பதைப் பிள்ளையார் சுழி என்று எண்ணித் தாண்டிவிட வேண்டாம்.) தேர்வில் பாடநூலின் எழுத்துகளையே எழுதுங்கள். எழுத்து மாறினால் கணக்கு மாறாது.

ச(உ) = 2உ + 3 என்று இருந்தால் அதை ஒரு கட்டளையாக வாசியுங்கள்: உள்ளே வருவதை இரண்டால் பெருக்கு, பிறகு மூன்றைக் கூட்டு. ச(4) என்றால் 4-ஐ உள்ளே அனுப்பு என்று பொருள், விடை 11. அடைப்புக்குறியைப் பார்த்ததும் ச-வையும் உ-வையும் பெருக்கப் போய்விடாதீர்கள்.

முதல் படி: சார்புதானா என்று பார்ப்பது

உள்ளே போகும் ஒவ்வோர் எண்ணுக்கும் வெளியே ஒரே ஒரு விடை இருந்தால் அது சார்பு. இரண்டு வெவ்வேறு எண்கள் ஒரே விடையைத் தரலாம், அதில் தவறில்லை. ஓர் எண்ணுக்கு இரண்டு விடைகள் வந்தால்தான் அது சார்பாகாது.

2013-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு சென்னை ஆட்டோக்களுக்கு ஒரு கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். காத்திருப்புக் கட்டணம், இரவுக் கட்டணம் ஆகியவற்றை விட்டுவிடுவோம். எத்தனை ஆட்டோக்கள் மீட்டர் போட்டு ஓடின என்பதையும் விட்டுவிடுவோம். அது வேறு கணக்கு. தூரத்தைச் சொன்னால் கட்டணம் எவ்வளவு என்று ஐயமில்லாமல் சொல்ல முடிகிறது. ஆகவே கட்டணம் தூரத்தின் சார்பு. திருப்பிக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிறகு வருவோம். இந்த ஆட்டோ இன்னும் சிறிது தூரம் ஓட வேண்டியிருக்கிறது.

இரண்டாம் படி: நேரியதா?

உள்ளீடு சம அளவில் கூடும்போது வெளியீடும் சம அளவில் கூடினால் அல்லது குறைந்தால் அது நேரிய சார்பு. செல்சியஸ் 0, 10, 20, 30 என்று ஏறும்போது ஃபாரன்ஹீட் 32, 50, 68, 86 என்று ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் 18 கூடுகிறது. நேரியதுதான்.

அட்டவணை கொடுத்துக் கேட்கும் கேள்விகளில் ஒரு பொறி உண்டு. உள்ளீடு 1, 2, 4, 7. வெளியீடு 5, 8, 14, 23. வெளியீடுகளின் வித்தியாசம் 3, 6, 9 என்று வளர்வதைப் பார்த்துவிட்டு, "சமமாக இல்லை, நேரியதல்ல" என்று எழுதிவிடுவார்கள். உள்ளீடுகளின் வித்தியாசமும் 1, 2, 3 என்று வளர்கிறதே! வகுத்துப் பாருங்கள்: 3/1, 6/2, 9/3. எல்லாமே 3. இது 3உ + 2 என்ற நேரிய சார்பு. வெளியீட்டு வித்தியாசத்தை மட்டும் தனியாகப் பார்க்கக் கூடாது; உள்ளீட்டு வித்தியாசத்தால் வகுத்த பிறகே தீர்ப்பு.

அப்படி வகுத்து வரும் எண்ணுக்குத்தான் சாய்வு என்று பெயர். உள்ளீடு பூச்சியமாக இருக்கும்போது வரும் விடை வெட்டுத்துண்டு. நேரிய சார்பு எதுவானாலும் அதன் உருவம் இதுதான்:

வ = (சாய்வு × உ) + வெட்டுத்துண்டு

சாய்வு பூச்சியமானால் அது மாறிலிச் சார்பு, அதாவது எதை அனுப்பினாலும் ஒரே விடை. பள்ளிக் கணக்கில் அதை நேரிய சார்பு என்று சொல்வதில்லை. கல்லூரியில் நேரியல் இயற்கணிதம் படிக்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் மனத்தில் ஓரமாக வைத்துக்கொள்ளலாம்: அங்கே வெட்டுத்துண்டு பூச்சியமாக இருந்தால்தான் நேரியது என்பார்கள். ஒரே பெயர், இரண்டு வழக்கு. இப்போதைக்குப் பள்ளி வழக்கே போதும்.

மூன்றாம் படி: இரண்டு புள்ளிகளிலிருந்து விதியை எழுதுவது

தண்ணீர் உறைவது 0 டிகிரி செல்சியஸ், 32 டிகிரி ஃபாரன்ஹீட். கொதிப்பது 100 டிகிரி செல்சியஸ், 212 டிகிரி ஃபாரன்ஹீட். புள்ளிகள் (0, 32), (100, 212).

சாய்வு = (212 − 32) / (100 − 0) = 180/100 = 9/5

உள்ளீடு 0 ஆக இருக்கும்போது 32 வருகிறது, அதுவே வெட்டுத்துண்டு. ஆகவே வ = (9/5)உ + 32.

பூச்சியத்துக்கான விடை நேரடியாகக் கொடுக்கப்படாவிட்டால், தெரிந்த ஒரு புள்ளியைப் பிரதியிட்டு வெட்டுத்துண்டைக் கண்டுபிடியுங்கள். (2, 7), (6, −1) என்ற புள்ளிகளில் சாய்வு −8/4 = −2. முதல் புள்ளியைப் போட்டால் 7 = −2 × 2 + வெட்டுத்துண்டு; ஆக அது 11. விதி: வ = 11 − 2உ. இரண்டாவது புள்ளியைப் போட்டுச் சரிபாருங்கள்: 11 − 12 = −1. சரி. இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

சாய்வுக்கு அலகு உண்டு என்பதை வகுப்பில் அதிகம் சொல்வதில்லை. ஆட்டோக் கணக்கில் சாய்வு 12 என்பது வெறும் 12 அல்ல, கிலோமீட்டருக்கு 12 ரூபாய். வெப்பநிலையில் 9/5 என்பது ஒரு செல்சியஸ் டிகிரிக்கு 1.8 ஃபாரன்ஹீட் டிகிரி. "வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ் உயரும்" என்ற செய்தியை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றும்போது விதியில் அப்படியே போட்டு 35.6 டிகிரி உயரும் என்று எழுதினால் ஊரே வெந்துவிடும். உயர்வு என்பது இரண்டு வெப்பநிலைகளின் வித்தியாசம். வித்தியாசம் எடுக்கும்போது 32 அடிபட்டுப் போகும். சாய்வு மட்டும் மிஞ்சும். உயர்வு 3.6 டிகிரி.

வரைபடம் பற்றி இப்போது ஒரே வரி: நேர்க்கோடு வரைய இரண்டு புள்ளிகள் போதுமானாலும் மூன்றாவதாக ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே கோட்டில் விழவில்லை என்றால் எங்கோ கணக்கு பிசகியிருக்கிறது.

நான்காம் படி: திரும்பி வருவது

நேர்மாறு சார்பு புதிய சார்பு ஒன்றும் அல்ல. அதே உறவை மறுமுனையிலிருந்து வாசிப்பதுதான். செல்சியஸைக் கொடுத்து ஃபாரன்ஹீட் கேட்டோம். இப்போது ஃபாரன்ஹீட்டைக் கொடுத்து செல்சியஸ் கேட்கிறோம். (0, 32) என்ற புள்ளி (32, 0) ஆகிறது. (100, 212) என்பது (212, 100) ஆகிறது. இனி இந்தக் கட்டுரையில் வரும் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

திரும்பி வருவதற்கு, போன வழியின் படிகளை முதலில் பட்டியலிடுங்கள். செல்சியஸிலிருந்து ஃபாரன்ஹீட்டுக்கு: 9/5 ஆல் பெருக்கு, 32-ஐக் கூட்டு. திரும்பும்போது கடைசிப் படியை முதலில் அழிக்க வேண்டும்: 32-ஐக் கழி, 9/5 ஆல் வகு, அதாவது 5/9 ஆல் பெருக்கு. பயணப் பெட்டியை மூடி, பூட்டி, அதன் மேல் கயிறு கட்டினால், ஊர் போய்ச் சேர்ந்ததும் முதலில் கயிறு, பிறகு பூட்டு, கடைசியில்தான் மூடி. ஒவ்வொரு செயலும் தலைகீழாகிறது, வரிசையும் தலைகீழாகிறது. மாணவர்கள் முதலாவதைச் சரியாகச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

மறந்தால் என்ன ஆகும்? காய்ச்சல் 104 டிகிரி ஃபாரன்ஹீட். முதலில் 5/9 ஆல் பெருக்கிப் பிறகு 32-ஐக் கழித்தால் ஏறத்தாழ 25.8 டிகிரி செல்சியஸ் வரும். காய்ச்சலில் கிடப்பவரின் உடம்பு மார்கழி மாதத்து அறையைப் போலக் குளிர்ந்திருக்கிறது என்று பொருள்! சரியான வரிசையில்: 104 − 32 = 72; 72 × 5/9 = 40. விடை நம்பும்படி இருக்கிறதா என்று ஒரு கணம் பார்ப்பது எந்தச் சூத்திரத்தையும்விடப் பயனுள்ள பழக்கம்.

இன்னும் இரண்டு பழகுவோம்.

ச(உ) = (3உ − 4)/7. போன வழி: 3 ஆல் பெருக்கு, 4-ஐக் கழி, 7 ஆல் வகு. திரும்பும் வழி: 7 ஆல் பெருக்கு, 4-ஐக் கூட்டு, 3 ஆல் வகு. நேர்மாறு (7உ + 4)/3. சோதனைக்கு 6-ஐ அனுப்புங்கள்: (18 − 4)/7 = 2. அந்த 2-ஐத் திருப்பி அனுப்புங்கள்: (14 + 4)/3 = 6. வீடு வந்து சேர்ந்துவிட்டது.

ச(உ) = 5 − 2உ. இதில் பலர் சறுக்குவார்கள், ஏனென்றால் 5 முன்னால் எழுதப்பட்டிருப்பதால் அதுதான் முதல் படி என்று தோன்றுகிறது. எழுதிய வரிசை வேறு, செய்யும் வரிசை வேறு. உ-வுக்கு முதலில் நடப்பது −2 ஆல் பெருக்குதல். பிறகுதான் 5-ஐக் கூட்டுகிறோம். திரும்பும்போது 5-ஐக் கழித்து −2 ஆல் வகுக்க வேண்டும்: (உ − 5)/(−2), அதாவது (5 − உ)/2.

சில்லறை வணிகத்தில் அன்றாடம் நடக்கும் பிழை ஒன்றும் இதே இனத்தைச் சேர்ந்தது. 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து ஒரு பொருளின் விலை 1,180 ரூபாய். வரிக்கு முந்தைய விலை என்ன? 1,180-இல் 18 விழுக்காட்டைக் கழித்தால் 967 ரூபாய் 60 காசு வரும், அது தவறு. போன வழி 1.18 ஆல் பெருக்குதல். ஆகவே திரும்பும் வழி 1.18 ஆல் வகுத்தல்தான். விடை 1,000 ரூபாய்.

ஐந்தாம் படி: அதையே சமன்பாடாக எழுதுவது

பல வகுப்புகளில் நேர்மாறு சார்பு அறிமுகமாகும் விதம் இது: "வ = என்று எழுது; உ, வ இரண்டையும் இடம் மாற்று; வ-வைத் தனியே பிரி; முடிந்தது." மதிப்பெண் வரும், மறுக்கவில்லை. ஆனால் முதல் நாளே இந்த வித்தையைச் சொல்லிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் இடம் மாற்றுகிறோம் என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்களிடம் பதில் இருக்காது. மெய்யான வேலை இதுதான்:

வ = 2உ + 3
வ − 3 = 2உ
உ = (வ − 3)/2

வெளியே வந்த வ-வைக் கொடுத்தால் உள்ளே போன உ கிடைக்கிறது. நேர்மாறு இங்கேயே கிடைத்துவிட்டது. இதற்குப் பிறகு எழுத்தை மாற்றுவது ஒரு வழக்கத்துக்காக மட்டுமே: எந்தச் சார்பாக இருந்தாலும் உள்ளே போவதை உ என்று எழுதுவது நம் பழக்கம், ஆகவே ச⁻¹(உ) = (உ − 3)/2 என்று பெயரை மாற்றி எழுதுகிறோம். வேலை முடிந்த பிறகு மாட்டும் பெயர்ப்பலகை அது.

இதனால் ஒரு நடைமுறை விதியும் கிடைக்கிறது. வெறும் எண்களோடு விளையாடும் கணக்கில் கடைசியில் எழுத்தை மாற்றுங்கள். வெப்பநிலை, தூரம், ரூபாய் என்று பொருள் கொண்ட கணக்கில் மாற்றவே மாற்றாதீர்கள். வ என்பது ஃபாரன்ஹீட் என்று சொல்லிவிட்டுப் பாதி வழியில் அதையே செல்சியஸ் ஆக்கினால், விடை எழுதுகிறவருக்கே எது எது என்று தெரியாமல் போய்விடும்.

தலையில் இருக்கும் −1

ச⁻¹ என்ற குறியீட்டில் உள்ள −1 அடுக்கு அல்ல. ச(உ) = 2உ + 3 என்றால் ச⁻¹(11) = 4. ஆனால் 1/ச(11) என்பது 1/25. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பத்தாம் வகுப்பில் 1/உ என்பதைத் தலைகீழ்ச் சார்பு என்று படித்திருப்பீர்கள். நேர்மாறு சார்பு என்பது அது அல்ல.

பிறகு ஏன் இந்தக் குறியீடு? இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல் 1813-இல் இதைப் பயன்படுத்தினார். பிற்காலத்தில் வானியலாளராகப் புகழ் பெற்றவர் அவர். அவருடைய தருக்கம் எளிமையானது. ச-வை இருமுறை தொடர்ந்து செய்வதை ச² என்று எழுதினால், ச⁰ என்பது எதுவுமே செய்யாமல் விடுவது. அப்படியானால் ஒருமுறை பின்னோக்கிப் போவது ச⁻¹. இங்கே அடுக்கு என்பது எத்தனை முறை பெருக்கினோம் என்பதை எண்ணவில்லை, எத்தனை முறை சார்பைச் செய்தோம் என்பதை எண்ணுகிறது. நல்ல குறியீடுதான். முக்கோணவியலில் சைனின் தலையில் 2 வந்தால் பெருக்கல் என்றும், −1 வந்தால் நேர்மாறு என்றும் இரண்டு வழக்குகள் நிலைத்துவிட்டதுதான் மாணவர்களின் துரதிருஷ்டம்.

ஆறாம் படி: சரிபார்த்தல்

போய்த் திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கு வர வேண்டும். ச⁻¹(ச(உ)) = உ; ச(ச⁻¹(உ)) = உ. ஒரு சார்பின் விடையை அடுத்த சார்புக்குள் அனுப்புவதைச் சார்புகளின் சேர்ப்பு என்ற பெயரில் படித்தது இதற்குத்தான் உதவுகிறது. மேலே கண்ட 2உ + 3-ஐ எடுத்துக்கொண்டால்:

ச⁻¹(2உ + 3) = (2உ + 3 − 3)/2 = உ

எதிர்த் திசையிலும் செய்து காட்டினால்தான் முழு நிரூபணம். ஐயம் தீர்த்துக்கொள்ள மட்டும் என்றால் ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்தால் போதும். ஆனால் 0, 1 ஆகியவற்றைத் தவிர்த்து விடுங்கள். தவறான விடைகூட அவற்றில் தற்செயலாகப் பொருந்திவிடும்.

ஏழாம் படி: திரும்ப முடியாத இடங்கள்

இப்போது அந்த ஆட்டோவுக்கு வருவோம். ஒருவர் 85 ரூபாய் கொடுத்தார். எவ்வளவு தூரம் போனார்? 25 போக 60; 60/12 = 5; அதோடு 1.8. ஆக 6.8 கிலோமீட்டர். சிக்கலே இல்லை.

இன்னொருவர் 25 ரூபாய் கொடுத்தார். அவர் எவ்வளவு தூரம் போனார்? அரை கிலோமீட்டராக இருக்கலாம், ஒன்றாக இருக்கலாம், 1.8 ஆகவும் இருக்கலாம். சொல்ல வழியில்லை. பல உள்ளீடுகள் ஒரே விடையில் வந்து விழுந்துவிட்டதால் திரும்பும் பாதை அடைபட்டுப் போகிறது. ஒன்றுக்கொன்றான சார்பு என்ற நிபந்தனை ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாமவர் 20 ரூபாய் கொடுத்ததாகச் சொல்கிறார். அந்தக் கட்டண விதிப்படி எந்தத் தூரத்துக்கும் 20 ரூபாய் வராது. அந்த எண்ணிலிருந்து திரும்பிப் போக இடமே இல்லை. மேல் சார்பு என்ற நிபந்தனை இதற்காக. இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்திருந்தால் இருபுறச் சார்பு; அதற்கு மட்டுமே நேர்மாறு உண்டு. பாடத்தின் தொடக்கத்தில் மனப்பாடம் செய்த மூன்று சொற்களும் ஒரே ஆட்டோவில் ஏறிவிட்டன.

வழி இல்லாமல் இல்லை. 1.8 கிலோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள தூரங்களை மட்டும் மதிப்பகமாக (உள்ளே போகும் எண்களின் கூட்டமாக) எடுத்துக்கொண்டு, 25 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தொகைகளைத் துணை மதிப்பகமாக (விடைகள் வந்து விழ ஒதுக்கிய கூட்டமாக) எடுத்துக்கொண்டால் நேர்மாறு பிறந்துவிடும்: தூரம் = (கட்டணம் − 25)/12 + 1.8. ஆகவே நேர்மாறை எழுதும்போது அது எந்த எண்களுக்குச் செல்லும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முதல் சார்பின் வீச்சகம்தான், அதாவது உண்மையில் வெளியே வரும் விடைகளின் கூட்டம்தான், நேர்மாறின் மதிப்பகம்.

மெய்யெண்கள் முழுவதிலும் வரையறுக்கப்பட்ட நேரிய சார்புக்கு இந்தத் தொல்லை கிடையாது. சாய்வு பூச்சியமாக இல்லாதவரை நேர்மாறு எப்போதும் இருக்கும், அதுவும் நேரியதாகவே இருக்கும். தொல்லை இருபடிச் சார்பில் தொடங்குகிறது. உ² என்பதில் 3-உம் −3-உம் 9-ஐத் தருகின்றன. வரைபடத்தில் குறுக்கே ஒரு கிடைமட்டக் கோடு போட்டால் அது வளைவை இரண்டு இடங்களில் வெட்டும். அப்படி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வெட்டினால் நேர்மாறு இல்லை. குறை எண்களை விலக்கிவிட்டால்தான் வர்க்கமூலம் நேர்மாறாகிறது.

எட்டாம் படி: வரைபடத்தில் பார்ப்பது

2உ + 3-இன் மேல் (0, 3), (1, 5), (−3, −3) ஆகிய புள்ளிகள் உள்ளன. நேர்மாறின் மேல் (3, 0), (5, 1), (−3, −3). இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து, இடையே வ = உ என்ற கோட்டைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள். ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமாக நிற்கும். வரைபடத்தாளில் இரண்டு அச்சுகளுக்கும் ஒரே அளவுத்திட்டம் எடுத்தால்தான் இது கண்ணுக்குத் தெரியும். ஓர் அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு 1 அலகும் மற்றதில் 5 அலகும் எடுத்தால் பிம்பம் கோணிப்போய், கணக்கு தவறோ என்று வீணாகக் குழம்புவீர்கள்.

முதல் கோட்டின் சாய்வு 2. நேர்மாறின் சாய்வு 1/2. ஆட்டோவில் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்பது திரும்பும்போது ரூபாய்க்கு 1/12 கிலோமீட்டர் ஆவதைப் போல. ஆயத்தொலை வடிவியலில் இந்தக் கோட்டுக்குச் செங்குத்தான கோட்டின் சாய்வு −1/2 என்று படித்தது இதோடு கலந்துவிடக் கூடாது. நேர்மாறு என்பது செங்குத்து அல்ல. ஏறும் கோட்டின் நேர்மாறும் ஏறும். இறங்கும் கோட்டின் நேர்மாறும் இறங்கும்.

(−3, −3) என்ற புள்ளி இரண்டு கோடுகளிலும் இருப்பதைக் கவனித்தீர்களா? போனதும் வந்ததும் ஒரே எண்ணாக இருக்கும் இடம் அது. வெப்பநிலைச் சார்பில் அந்த இடம் −40. அங்கே செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணைக் காட்டும். (9/5)உ + 32 = உ என்று எழுதித் தீர்த்துப் பாருங்கள்.

தனக்குத் தானே நேர்மாறு

சுவீடன் நாட்டு வானியலாளர் ஆன்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் தம் வெப்பநிலை அளவையை முன்வைத்தபோது அதில் தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100. இன்றைக்கு நாம் பயன்படுத்துவதற்கு நேர் எதிர். 1744-இல் அவர் இறந்தபின் அளவை இன்றைய வடிவத்துக்குத் திருப்பப்பட்டது. பழைய அளவிலிருந்து புதியதற்கு மாற்ற விதி: ச(உ) = 100 − உ. புதியதிலிருந்து பழையதற்கு? அதே 100 − உ. போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே.

இப்படிப்பட்ட நேரிய சார்புகள் வேறு எவை? நேர்மாறில் சாய்வு தலைகீழாகிறது. தலைகீழாகியும் மாறாமல் இருக்க வேண்டுமானால் சாய்வு 1 அல்லது −1 ஆக இருக்க வேண்டும். சாய்வு −1 என்றால் வெட்டுத்துண்டு எதுவாகவும் இருக்கலாம். சாய்வு 1 என்றால் வெட்டுத்துண்டு பூச்சியமாக இருந்தே தீர வேண்டும், அதாவது உள்ளே போனதையே வெளியே தரும் சமனிச் சார்பு. ஏன் என்பதை நீங்களே எழுதிப் பாருங்கள். உ + 5-இன் நேர்மாறு என்ன என்று கேட்டால் விடை தெரிந்துவிடும்.

பயிற்சிக்குச் சில

1. ச(உ) = 4உ − 9. நேர்மாறைக் கண்டு, 5-ஐப் போட்டுச் சரிபார்க்கவும்.

2. ஒரு கடையில் 10 விழுக்காடு தள்ளுபடி. தள்ளுபடிக்குப் பிறகு 50 ரூபாய் கூப்பன் கழிவு. கட்டிய தொகை 850 ரூபாய். குறித்த விலை என்ன? கூப்பனை முதலில் கழித்துவிட்டுத் தள்ளுபடி தந்தால் அதே பொருளுக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?

3. தொடை எலும்பின் நீளத்திலிருந்து உயரத்தை மதிப்பிட, அமெரிக்க ஆய்வாளர்கள் மில்ட்ரெட் டிராட்டரும் கோல்டின் கிளெசரும் 1952-இல் வெளியிட்ட சூத்திரங்களில், வெள்ளையினப் பெண்களுக்கானது இது: உயரம் = 2.47 × எலும்பின் நீளம் + 54.10, இரண்டும் சென்டிமீட்டரில். உயரம் 147.96 வர எலும்பு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? 54.10 என்ற வெட்டுத்துண்டுக்கு என்ன பொருள்?

4. செல்சியஸின் 1742-ஆம் ஆண்டு அளவையிலிருந்து ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றும் விதியை எழுதி, அதன் நேர்மாறையும் காண்க. 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் என்ற உடல் வெப்பநிலை அந்தப் பழைய அளவையில் எவ்வளவு?

விடைகள்

முதல் கணக்கு: (உ + 9)/4. ச(5) = 11; (11 + 9)/4 = 5.

இரண்டாவது: போன வழி 0.9 ஆல் பெருக்கு, 50-ஐக் கழி. திரும்பும் வழி 50-ஐக் கூட்டு, 0.9 ஆல் வகு. 900/0.9 = 1,000 ரூபாய். வரிசையை மாற்றினால் (1,000 − 50) × 0.9 = 855. ஐந்து ரூபாய் அதிகம்; எந்த வரிசையில் கழிக்கிறார்கள் என்று கடையில் கேட்பதில் தவறில்லை.

மூன்றாவது: (147.96 − 54.10)/2.47 = 93.86/2.47 = 38 சென்டிமீட்டர். வெட்டுத்துண்டுக்கு உடற்கூறியலில் ஒரு பொருளும் இல்லை. தொடை எலும்பே இல்லாதவரின் உயரம் 54 சென்டிமீட்டர் என்று யாரும் சொல்ல வரவில்லை. வயது வந்தவர்களின் எலும்பு நீளங்களே இந்தச் சார்பின் மதிப்பகம், பூச்சியம் அதில் இல்லை. இது சராசரியை ஒட்டிய மதிப்பீடு என்பதால் புள்ளியியலில் இப்படித் திருப்பிப் போடுவதற்கு வேறு நிபந்தனைகள் உண்டு. இயற்கணிதப் பயிற்சிக்கு இது போதும்.

நான்காவது: புள்ளிகள் (0, 212), (100, 32). சாய்வு −9/5, வெட்டுத்துண்டு 212. ஆக வ = 212 − (9/5)உ. நேர்மாறு உ = (212 − வ) × 5/9. 98.6-ஐப் போட்டால் 113.4 × 5/9 = 63. இன்றைய அளவையில் அது 37. 100 − 37 என்று கழித்தும் சரிபார்த்துக்கொள்ளலாம்.